மூலமும் முழக்கமும்: மலையகப் பாடற் பதிவுகளிற் செயற்கை எதிர்முழக்கம்

ஓசைக்கு உருவமில்லை; ஆயினும் அதற்கு இடமுண்டு. கருங்கல் மண்டபத்திலே ஓதப்பெறும் தேவாரத்தையும் தேயிலைச் சரிவிலே பாடப்பெறும் கொழுந்துப் பாட்டையும் ஒருவன் கண்ணை மூடியிருந்து கேட்பினும், இஃது இன்ன இடத்தது என்று பிரித்தறிவான். பாடுவோர் குரலை மட்டுமன்றிப் பாடும் இடத்தையும் செவி உணர்தலே இதற்குக் காரணம். வாயினின்றும் புறப்பட்ட ஓசை நேரே செவியை அடைவதோடு அமையாது, சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுப் பலவாறாகத் திரும்பியும் வருகின்றது. திரும்பும் ஓசை தனித்துக் கேட்குமாயின் அதனை எதிரொலி என்கிறோம். அதற்குத் தடை ஏறக்குறைய 17 மீற்றர் தொலைவிலேனும் இருத்தல் வேண்டும். அவ்வாறன்றி, எண்ணிறந்த திரும்பல்கள் ஒன்றோடொன்று கலந்து, மூலவோசை நின்ற பின்னும் சிறிது பொழுது நிலைத்துத் தேயுமாயின், அஃது எதிர்முழக்கம் எனப்படும்.

இவ்வெதிர்முழக்கத்தை இன்று மண்டபமின்றியே உண்டாக்கலாம். ஒலிப்பதிவுக் கூடத்திலுள்ள இலக்கமுறைக் கருவியோ, கணினியில் இயங்கும் மென்பொருளோ, ஒரு சிற்றறையிற் பாடிய குரலைப் பேராலயத்திற் பாடியதுபோற் கேட்கச் செய்துவிடும். திரைப்பாடலும் பக்திப்பாடலும் இதனாற் பெரும்பயன் எய்தின. ஆனால் பதுளை நகரிலும் ஊவாத் தோட்டங்களிலும் நாம் நம் முதியோர் பாடல்களைப் பதிவு செய்யுமிடத்து, இக்கருவி நன்மை செய்கின்றதா, தீமை செய்கின்றதா என்பதை எவரும் நின்று ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. அவ்வாராய்ச்சிக்கு ஒரு தொடக்கமாக இக்கட்டுரை அமைக. எழுதுபவன் ஒலிப்பதிவுப் பொறியியலன் அல்லன். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின் கருவியின் நுட்பத்தைவிட, அதனாற் சொல்லுக்கு நேர்வதையே பெரிதும் நோக்குவேன்.

எதிர்முழக்கத்தை முதன்முதல் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வோலஸ் சபைன் ஆவர். அப்பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூட விரிவுரை மண்டபம் ஒன்றிருந்தது. அதிற் பேசுவோர் சொல் கேட்போர்க்கு விளங்கவில்லை. 1895இல் அக்குறையை ஆராயுமாறு அவர் பணிக்கப்பட்டார். இரவின் அமைதியிலே ஓர் ஓர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஓசை முற்றும் மறையும் பொழுதை அளந்தார்; அது ஏறக்குறைய 5.5 செக்கன் நீடித்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பியபோது அப்பொழுது குறைந்துகொண்டே வந்தது. இடத்தின் கனவளவு மிகுந்தால் முழக்கம் நீளும். துணியும் மனிதவுடலும்போல ஓசையை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் அது குறையும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. ஓசை 60 டெசிபெல் அளவு தேய்வதற்குச் செல்லும் காலமே இன்று எதிர்முழக்கக் காலம் எனப்படுகின்றது. ஈண்டு நாம் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எதிர்முழக்கம் பற்றிய அறிவியல் தொடங்கியது இசையைச் சிறப்பித்தற்கன்று. சொல் விளங்காமற்போன குறையைத் தீர்த்தற்கேயாம்.

பின்வந்த இசைப்பதிவாளர் அதே முழக்கத்தை விரும்பித் தேடினர். 1947இல் சிக்காகோ நகரிற் பில் பட்னம் என்பவர் குளியலறை ஒன்றையே முழக்கக் கூடமாக்கி இசைத்தட்டொன்றிற் பயன்படுத்தினார். 1957இல் ஜேர்மனியின் ஈ.எம்.ரீ. நிறுவனம் 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள மெல்லிய உருக்குத் தகட்டை அதிரச்செய்து முழக்கம் பெறும் கருவியை வெளியிட்டது. அதன் நிறை 270 கிலோகிராம் அளவினது. நால்வர் கூடினும் தூக்குதல் அரிது. பின்னர் பெல் ஆய்வுகூடத்து மன்பிரட் ஷ்ரோடர், ஓசையை எண்களாக்கிக் கணினியிற் பலமுறை தாமதித்துச் சுழலவிட்டால் மண்டப முழக்கத்தைப் போலச் செய்யலாம் என 1960களின் தொடக்கத்திற் காட்டினார். அக்கருத்து விற்பனைக் கருவியாக உருப்பெற்றது 1976இல் வந்த ஈ.எம்.ரீ. 250 என்பதிலேயாம். 1978இல் லெக்சிகன் 224 வந்தது. 1980களின் நடுவில் யமஹா எஸ்.பி.எக்ஸ். 90 போன்ற சிறு பெட்டிகள் தோன்றி, பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த முழக்கத்தைச் சிறு கூடங்களுக்கும் வழங்கின. இன்று அது கைத்தொலைபேசியிலும் உண்டு. அருமை நீங்கியவிடத்து ஆராய்ச்சியும் நீங்குதல் உலகியல்பு. தகடு தூக்கிய காலத்தில், வேண்டுமா வேண்டாவா என எண்ணிப் பார்த்தனர். விரலாற் றொட்டால் முழங்கும் இக்காலத்தில் அவ்வெண்ணம் எழுவதில்லை.

இதனாற் கருவியே தீது என்று கூறுவேனல்லேன். ஏ. ஆர். ரகுமான் 1989இற் சென்னைக் கோடம்பாக்கத்திலே தம் வீட்டோடு அமைத்த பஞ்சதன் கூடமும், அங்கு உருவாகி 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசையும் இவ்விலக்கமுறைக் கருவிகள் தமிழிசைக்குப் புதியதோர் அழகை அளிக்க வல்லன என்பதை நிறுவின. ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் அவர்களுடன் இணைந்து ரகுமான் ஆக்கிய பாடல்களில், குரல் ஒன்று அண்மையிலும் குழல் ஒன்று தொலைவிலும் முரசு ஒன்று வேறொரு வெளியிலும் நிற்கக் காண்கிறோம். அவ்வெளி உலகில் எங்கும் இல்லை; இசையமைப்பாளன் உள்ளத்தில் உள்ளது. அணியிலக்கணம் கற்றோர் இதற்கு ஒரு பெயர் அறிவர். இயல்பாக நிகழும் ஒன்றன்மேற் புலவன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுதல் தற்குறிப்பேற்றம் அன்றோ? செயற்கை எதிர்முழக்கம் ஒலியின் தற்குறிப்பேற்ற அணியாகும். காவியத்தில் அது சிறப்பு. அதனையே ஒருவன் கல்வெட்டைப் படியெடுக்குமிடத்துச் சேர்ப்பானாயின் அதற்குப் பெயர் அணியன்று, பிழை.

இன்னொரு நற்பயனும் கூறத்தகும். 1999இற் சோனி நிறுவனம் வெளியிட்ட கருவியொன்று, உண்மையான ஓரிடத்தின் முழக்கத்தை அளந்துவைத்து அதனையே வேறோர் ஒலிக்கு ஏற்றும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஸ்ரான்பர்ட் பல்கலைக்கழகத்தினர் இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவில் ஊதற்பைகளை வெடித்து, ஏறக்குறைய 11 செக்கன் நீளும் அதன் முழக்கத்தை அளந்தனர். பழைய பைசாந்தியத் துதிப்பாடல்களை அம்முழக்கத்தோடு பாடுவித்த இசைத்தட்டு 2019இல் வெளிவந்தது. பாடல் எந்த இடத்திற்குரியதோ அந்த இடமே அதற்கு மீண்டும் அளிக்கப்பட்டது. ஆகவே கேள்வி, முழக்கம் சேர்க்கலாமா என்பதன்று; எந்தப் பாடலுக்கு எந்த இடம் உரியது என்பதேயாம்.

இவ்வளவையும் உளங்கொண்டு இனி ஊவாவுக்கு வருவோம். நம் மலையகப் பாடல்கள் பிறந்த இடங்கள் யாவை? தாலாட்டுப் பிறந்தது லயத்துக் காம்பராவில். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான அவ்வறையிற் பாயும் படுக்கையும் கொடியில் தொங்கும் ஆடையும் ஐந்தாறு மனிதரும் நிறைந்திருப்பர். சபைன் கண்ட விதிப்படி அங்கே முழக்கம் செக்கனில் ஒரு சிறு பங்கே நிற்கும். ஒப்பாரி பிறந்தது லயத்து வாசலில். கொழுந்துப் பாட்டு மலையில். காமன் கூத்து வெட்டவெளிப் பொட்டலில். திறந்த வெளியிலே திரும்பும் சுவரில்லை. இவை யாவும் முழக்கத்தின் துணையின்றிச் சொல்லின் வலியால் மட்டும் நின்ற பாடல்கள். எட்டி நின்ற அயலார்க்கும் சொல் விளங்கவேண்டும் என்பதற்காகவே ஒப்பாரி பாடுவாள் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் நிறுத்தி மூச்செடுப்பாள். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இம்மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியபோது அவர் காதிற்பட்டதும் இத்தகைய தெளிந்த குரலேயாதல் வேண்டும். ‘லயம்’ என்னுஞ் சொல் நம் நாட்டில் வரிசை வீட்டையும் இசையின் காலவளவையும் ஒருங்கே குறிப்பது தற்செயலே. எனினும் லயத்துப் பாடலின் லயம் அவ்வீட்டின் அளவிலே அமைந்தது என்பது தற்செயலன்று.

அத்தகைய பாடலுக்குப் பெருமண்டப முழக்கத்தைச் சேர்த்தால் நிகழ்வதென்ன? தமிழ் எழுத்துக்களைத் தொல்காப்பியர் காலத்தால் அளந்தார். கண் இமைத்தலும் கை நொடித்தலும் அவர் கொண்ட அளவுகோல். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. தமிழ்ச் சொல்லின் பொருள் இக்கால வேறுபாட்டிலே தங்கியிருக்கின்றது. ‘பாடு’ என்றால் துன்பம். ‘பாட்டு’ என்றால் இசை. இரண்டிற்கும் இடையே நிற்பது டகர ஒற்று ஒன்றே. அவ்வொற்றை ஒலிக்குங்கால் நா மேலண்ணத்தை ஒட்டி நின்று, மூச்சைத் தடுத்து, ஒரு சிறு மௌனத்தை உண்டாக்குகின்றது. வல்லின ஒற்று என்பது செவிக்கு ஒலியன்று, மௌனமேயாம். அம்மௌனம் ஏறக்குறையப் பத்திலொரு செக்கன் நிற்கும் எனக் கொள்வோம். முழக்கக் காலம் 0.4 செக்கன் ஆகவுள்ள காம்பராவில், முன்னின்ற ஆகாரத்தின் முழக்கம் அவ்விடைவேளையில் 15 டெசிபெல் தேய்ந்துவிடும். மௌனம் மௌனமாகவே கேட்கும். முழக்கக் காலம் 2.5 செக்கன் ஆகவுள்ள செயற்கை மண்டபத்திலோ அதே இடைவேளையில் 2.4 டெசிபெல் மட்டுமே தேயும். ஆகாரத்தின் எச்சம் ஒற்றின் மௌனத்தை நிரப்பிவிடும். முழக்கத்தை மிகுதியாகக் கலந்தால் ‘பாட்டு’ என்பது ‘பாடு’ எனக் கேட்கும். இது கணக்கு, கருத்தன்று.

தப்புக்கும் இதுவே நிகழ்கின்றது. நெருப்பிற் காய்ச்சித் தோலை இறுக்கிய தப்பின் ஓசை கூரியது, குறுகியது. சாவுக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி, கூத்துக்கு ஓரடி என அடிக்கு அடி பொருள் வேறு. அடிகளுக்கு இடைப்பட்ட வெறுமையே அப்பொருளைத் தாங்குவது. முழக்கம் அவ்வெறுமையை மூடியபின், தோட்டத்தவர் தொலைவிலிருந்தே இன்ன செய்தி என அறிந்த அடி, பொதுவானதோர் இரைச்சலாகி விடுகின்றது.

இதனை நான் நூலினின்றும் கற்றேனல்லேன், பட்டறிந்தேன். 2016ஆம் ஆண்டு எம் மாணவர் சிலருடன் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிற்குச் சென்று, எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரின் தாலாட்டுக்களை இரவல் வாங்கிய சிறு பதிவுக்கருவியிற் பதிந்தோம். காம்பராவில் அடுப்பு எரியும் ஓசையும் கோழியின் குரலும் கூடவே பதிந்தன. அவற்றை நீக்கித் தருமாறு நகரத்துப் பதிவுக்கூடம் ஒன்றிற் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் அன்புடையவர். அறவிட்ட பணமும் சிறிது. இசைத்தட்டாகத் திரும்பியபோது கோழி போயிருந்தது. மூதாட்டி ஒரு பேராலயத்தின் நடுவே நின்று பாடிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆண்டு விழாவில் ஒலிக்கச் செய்தோம், அனைவரும் கைதட்டினர். இரவற் கருவியைத் திருப்பிக் கொடுக்குமுன் அதிலிருந்த மூலப்பதிவை அழித்தவன் நானே. இசைத்தட்டுத்தான் கையில் உள்ளதே என்பது என் நினைவு.

பின்னர் அதனை மூதாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பாட்டு ஏம் பாட்டுத்தான் சார். ஆனா கோச்சி சொரங்கத்துக்குள்ள போறப்ப பாடுன மாதிரில்ல இருக்கு!” என்றார். நாங்களும் சிரித்தோம். அன்று அது நகைப்புக்குரிய பேச்சாகவே பட்டது. எதிர்முழக்கம் பற்றி யான் கேட்ட விமரிசனங்களுள் அதுவே தலையாயது என்பதை உணரப் பின்னும் மூன்றாண்டு சென்றது. 2018இல் அவர் காலமானார். 2019இல் அப்பாடல்களை எழுத்திற் பெயர்க்கப் புகுந்தபோது, ஒரு தாலாட்டின் ஈற்றடியில் இரு மாணவரிடையே வழக்கெழுந்தது. தாய் பிள்ளையிடம் ஓயவில்லை என்று கூறுவது தன் ‘பாட்டை’ என்றான் ஒருவன்; தன் ‘பாட்டையன்று, பாட்டினை ஒத்துக் கேட்கும் பாடு’ என்றாள் மற்றவள். நூறு முறை கேட்டோம். முதலதாயின் அது குழந்தையை உறங்கவைக்கும் தாயின் மகிழ்வு. இரண்டாவதாயின் கொழுந்துக் கூடையோடு பிறந்து அக்கூடையோடு முதிர்ந்தவளின் முறையீடு. இரண்டும் பாடலுக்குப் பொருந்தின. கேட்பதற்கு அவர் இல்லை. அழிக்கப்பட்ட மூலத்திலே கோழியின் குரலுக்கிடையில் அவ்வரை மாத்திரை தெளிவாகவே இருந்திருக்கும்.

இங்கே சிலர் மறுப்புக் கூறலாம். முழக்கமற்ற குரல் வெறுமையாகக் கேட்கின்றது, இளைஞர் கேட்கமாட்டார் என்பது ஒன்று. அது மெய்யே. பதிவுக்கூடத்தார் முழக்கம் சேராத ஒலியை ‘ட்றை’ என்றும் சேர்ந்ததை ‘வெற்’ என்றும் கூறுவர். உலர்ந்தது எவருக்கும் உவப்பதில்லை. இன்னொன்று, மண்டபத்துக்குரிய பாடலும் நம்மிடம் உண்டே என்பது. அதுவும் மெய்யே. திருமுறை ஓதுதலுக்குக் கற்கோயிலின் முழக்கம் உரியது. ஆங்கு நீண்ட இசையும் நின்ற சுருதியும் முழக்கத்தை வேண்டி நிற்கின்றன. எங்கள் தோட்டத்துக் கோயில்கள் தகரக் கூரையினவாயினும், பாடுவோர் நெஞ்சில் உள்ள கோயில் கருங்கற் கோயிலே. அங்கே முழக்கம் பொய்யாகாது. தாலாட்டைப் பாடும் தாயின் நெஞ்சிலோ மண்டபம் இல்லை, மடியே உண்டு.

ஆதலின் யான் வேண்டுவது விலக்கன்று, வரம்பே. இவ்வரம்பை நம் பதிப்பாசிரியர்கள் முன்னரே வகுத்துள்ளனர். சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கறையான் அரித்த ஏடுகளினின்றும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். மூலம் மூலமாகவும் உரை உரையாகவும் வேறு வேறு நிற்றல் வேண்டும் என்பது அப்பெரியோர் தொழிலின் உயிர்நிலை. உரை எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தோடு கலக்கப்பட்டால் இரண்டும் கெடும். உலர்ந்த பதிவு மூலம்; முழக்கம் அதற்குப் பதிவாளர் வரைந்த உரை. ஒருவர் உரை இன்று பிடிக்கும். நாளை வேறோர் உரை வேண்டப்படும். மூலம் இருந்தால் நூறு உரை காணலாம். மூலத்தினின்றும் முழக்கம் உண்டாக்குதல் எளிது. முழக்கத்தினின்றும் மூலத்தைப் பிரித்தெடுத்தல் இன்றைய கருவிகளாலும் முற்ற இயலாதது.

இதனாற் பாடசாலைகளும் மன்றங்களும் செய்யத்தக்கன சிலவுள. பதிவுக்கூடத்திற்குப் போகுமுன் மூலப்பதிவை இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்தல் முதற்கடமை. கோழியும் அடுப்பும் ஒலித்தாலும் அப்படியே இருக்கட்டும். அவையும் அவ்விடத்தின் சான்றுகளே. விழாவிற்கு முழக்கம் வேண்டுமாயின் குறுகிய அறைமுழக்கத்தையே கேட்டுப் பெறுக. நேர்க்குரலுக்கும் முழக்கத்திற்கும் இடையே ஒரு சிறு தாமதத்தை அமைக்கவும், முழக்கத்தின் தாழ்ந்த மீடிறன்களைக் குறைக்கவும் பல கருவிகளிலும் வழியுண்டு; இவ்விரண்டாலும் சொற்றெளிவு பெரிதும் காக்கப்படும். இசைத்தட்டின் உறையிலே, எங்கே, எந்த ஆண்டிற் பாடப்பட்டது, பின்னர் என்ன சேர்க்கப்பட்டது என்பதை ஒரு வரியேனும் எழுதுக.

காலம் நமக்காகக் காத்திராது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீறியபெத்தையிற் சரிந்த மண், லயங்களை மனிதரோடு மூடியது. அவ்வீடுகளிற் பாடப்பட்ட பாடல்களும், அவை ஒலித்த காம்பராக்களின் ஓசையும் இனிக் கேட்கக் கிடையா. இயற்கை அழிப்பதைத் தடுக்க நம்மால் இயலாமற்போகலாம். எஞ்சியதை நாமே அழியாதிருத்தல் இயலும்.

அத்தாலாட்டை எழுதிய குறிப்பேட்டில் இரண்டு சொற்களையும் அருகருகே எழுதிப் ‘பாடபேதம்’ எனக் குறித்துள்ளேன். ஏட்டுச்சுவடிகளிற் பாடபேதம் தோன்ற நூற்றாண்டுகளும் கறையானும் வேண்டியிருந்தன. எம் பாடபேதம் ஒரு பிற்பகலில், எம் கண்முன்னே, எம் கைதட்டலோடு தோன்றியது. அடுத்த முறை தோட்டத்திற்குச் செல்லும் மாணவர் இரண்டு படிகளோடு திரும்புவாராக.